அப்பா அடைத்து வைத்த குழாய்

என் பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காரில் என் பின்னால் உட்கார்ந்திருந்த ஹாரன் அண்ணனிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான், பிரேக் பிடிக்கவில்லை என்பது. இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம், நீ முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மீதியை பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்குள் திணிக்கிறவள். பதறாதே. அப்பாவும் நானும் சௌக்கியம், கை கால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, காருக்கும் ஒரு கீறல் இல்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், நன்றாக இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் மேலே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்று நான் முடிக்காத வாக்கியத்தையெல்லாம் அவர் முடித்து வைப்பார், இந்தக் கதையை அவர் முடித்தால் சரிப்படாது.

அப்பா ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்த கிடங்கை மூடி, ஜெனரேட்டர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து அப்பா வீட்டில் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். மிக்ஸியைக் கழற்றினார், மாட்டினார், அது முன்னைவிட நன்றாக ஓடியது, மறுபடியும் கழற்றினார். நீகூட அந்தப் பழைய காரை எடைக்குப் போட்டுட்டு அப்பாவை ஒரு இடத்துல உட்காரச் சொல்லும்மா என்றாய். உட்காரத்தான் ஒரு இடம் வந்தது. பக்கத்துத் தெரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலை, மாதம் பிறந்ததும் சேரச் சொல்லி யூனிஃபார்மையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, அப்பா அந்தக் கதவை மூடுவதையே விட்டுவிட்டார். காவல் வேலை மட்டம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த மனிதர் அவர், அவரைக் கேட்டில் உட்கார வைத்தால் உள்ளே ஏதோ ஒன்று நின்றுபோகும் என்று எனக்குப் பட்டது. அந்தச் சமயத்தில்தான் விபத்தில் நசுங்கிப்போன ஒரு டெலிவரி வேனின் டீசல் இன்ஜின் பழைய இரும்புக் கடைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தது. நம் கார் பெட்ரோலைக் குடித்த குடிக்கு அது நின்றிருந்த நாள்தான் அதிகம். பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு இதை வைக்கலாமா என்று அப்பா என்னிடம் கேட்கவில்லை, வைத்தால் நீ ஓட்டுவியா என்று கேட்டார். ஓட்டுவேன் என்றேன், வேறு என்ன சொல்வது.

போர்ட்டிகோ இரும்புத் தூலத்தில் சங்கிலி மாட்டி பழைய இன்ஜினை மேலே தூக்கியபோது பிரசவ வார்டு மாதிரி எல்லோரும் சுற்றி நின்றார்கள். புதுசு எடை அதிகம், உள்ளே இறக்கினதும் காரின் மூக்கு தரையைப் பார்த்தது, முன்பக்கத்துக்குத் தடித்த ஸ்பிரிங் தேடி அலைந்தார். இன்ஜின் உட்காரும் கட்டைகளைப் புதிதாக வெல்டிங் செய்தார். வேனின் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டதால் பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு நீளமாக வந்தது, அதை லேத் பட்டறையில் கொடுத்து வெட்டிச் சுருக்கினார். டீசல் இன்ஜினை சாவியைத் திருப்பி நிறுத்த முடியாதாம், எண்ணெய் வருகிற வழியை அடைத்தால்தான் அடங்குமாம். அதற்கு ஒரு கம்பி இழுத்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ் வைத்திருக்கிறார். அது உன் அலமாரியின் குமிழ், அதனால் உன் துணிகளை இப்போதைக்கு யாராலும் எடுக்க முடியாது. முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது சமையலறைத் தட்டுகள் எல்லாம் பேச ஆரம்பித்தன, எதிர் வீட்டு டீச்சர் வந்து மாவு மில் வச்சிட்டீங்களா என்று கேட்டார். இன்ஜின் மாற்றியதைப் பதிவு அலுவலகத்தில் காட்டி முறைப்படி எழுதியும் வாங்கியாயிற்று, அவர்கள் இன்ஜின் எண்ணைப் பார்த்தார்கள், நான் அந்த மேசையில் கிடந்த பழைய வார இதழைப் படித்து முடித்தேன்.

ஹாரன் அண்ணன் யாரென்று கேட்பாய். மர மில்லுக்கு எதிரே வாடகைக் கார் ஸ்டாண்ட் வைத்திருப்பவர், காலியான தெருவிலும் ஹாரன் அடிப்பதால் அந்தப் பெயர். நம்முடையதைப் போலவே மூன்று பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். ஏத்தத்துல ஆள் ஏத்திட்டு இழுக்குதான்னு பார்க்கிறேன், இழுத்தா என் மூணையும் டீசலாக்க உன்கிட்டயே விடுறேன், இல்லேன்னா கேட்டுல போய் சலாம் போடு என்று அப்பாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தன் டிரைவர்கள் இரண்டு பேரோடு வந்து ஏறிக்கொண்டார், இரண்டு பேருக்கும் நல்ல உடம்பு, வேண்டுமென்றே பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார். அப்பா வரவில்லை. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, உட்கார்ந்து வந்தால் குமட்டும், வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் கார் ஏறியதை நீ பார்த்திருக்க வேண்டும். பழைய இன்ஜின் முதல் கியரில் அழுதுகொண்டு ஏறுகிற இடம் அது. இது மூன்றாவது கியரில், அவசரப்படாமல், சுமை தூக்குகிறவர் படியேறுவது மாதிரி ஏறிற்று. ஹாரன் அண்ணன் பேச்சை நிறுத்தினார், அதுவே பெரிய சான்றிதழ். உச்சியில் திருப்பிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாக இருந்தது. தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்த நாட்களில் அது கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது, புதுச் செருப்பு மாதிரி பழகப் பழக இளகும் என்று நினைத்திருந்தேன். கத்தினால் பின்னால் மூன்று பேர், அதில் ஒருவர் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடிய ஆள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, இரண்டு கால்களையும் பெடல் மேல் வைத்து சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தேன், ஹேண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லாக ஏற்றினேன். ஏன் தங்கச்சி, வண்டிக்கு வலிக்குமேன்னு பார்க்கிறியா என்று பின்னாலிருந்து கிண்டல். மர மில்லின் மூடிய கேட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது கார் நின்றது. எதிரே அவருடைய ஸ்டாண்ட். அலுங்காம கொண்டுவந்து வாசல்லயே இறக்கிட்டியே என்று பாராட்டிவிட்டு, நாளைக்கே முதல் வண்டியை அனுப்புறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லு என்று இறங்கிப் போனார். பயம் என்ற சொல்லை எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன் பாப்பா, அது முழங்காலுக்குக் கீழேதான் குடியிருக்கிறது என்று யாரும் எழுதவில்லை.

வீட்டுக்கு முதல் கியரில், மேடு பள்ளம் இல்லாத பின் தெரு வழியாகத் தனியாக ஓட்டி வந்தேன். வண்டி அனுப்புகிறாராம் என்று அப்பாவிடம் முதலில் சொன்னேன், அவர் முகம் மலர்ந்ததை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டேன், பிறகு பெடலைப் பற்றிச் சொன்னேன். அவர் பானட்டைத் திறந்து ஒரே ஒரு குழாயைத் தொட்டார். பிரேக்குக்குப் போகிற குழாய், அதன் வாயில் அவரே ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டு அழகாக அடைத்து வைத்திருந்தார், பழைய இன்ஜினின் மிச்சம் என்று நினைத்து. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தில்தான் பிரேக் லேசாக இருக்குமாம், டீசலில் அந்த உறிஞ்சல் கிடையாது. அதற்காகவே அதன் டைனமோவுக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப் வைத்திருப்பார்கள். நம் டைனமோ புதுசு என்று அதை மாட்டிவிட்டு, பம்ப் இருந்த டைனமோவைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார், அதன்மேல் நான் சோப்பு டப்பா வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்த இன்ஜின் எதுவும் எங்கேயும் போனதே இல்லடி, நிக்கணுமேங்கிற கவலை அதுக்கு எதுக்கு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போதே ஸ்டாண்டுக்குப் போனார். எதுக்கு இப்பவே, சரிபண்ணிட்டுச் சொல்லலாமே என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் நிற்கிற ஆள் இல்லை. டிரைவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஹாரன் அண்ணன் என் உயிரை வச்சு விளையாடியிருக்கீங்க புருஷனும் பொண்டாட்டியும் என்று கத்திவிட்டு, யோசிச்சுச் சொல்றேன் என்று அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை பம்ப் உள்ள டைனமோவை மாட்டி, குழாயைச் சேர்த்தார். செவ்வாய்க்கிழமை அதே சரிவில் நான் தனியாக இறங்கிப் பார்த்தேன், கட்டை விரலால் தொட்டாலே நிற்கிறது. இன்று புதன், ஹாரன் அண்ணனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் நான் காத்திருக்கப் போவதில்லை. யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இல்லையென்றால் இன்னொருவர், இந்த ஊரில் பெட்ரோலைக் குடிக்கிற பழைய காருக்கா பஞ்சம். தப்பு நடந்ததும் எங்கே என்று ஒரே தொடலில் காட்டிய மனிதரை நம்பி நான் இனி எந்த மேட்டிலும் ஏறுவேன், இறங்கவும் செய்வேன்.

நீ அங்கே பாதியில் விட்ட அந்தப் பரீட்சையை எழுது. தனியாக இருக்கிறோம் என்று தோன்றினால் என்னை நினைத்துக்கொள், பத்தொன்பது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நூலக வேலைக்குப் போனவள்தான் நானும். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும். வரும்போது ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பழக்கதோஷத்தில் நம் காருக்குப் பெட்ரோல் போட்டுவிடாதே, டேங்க் மூடியில் டீசல் என்று வெள்ளைப் பெயின்டில் நானே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மா

பி.கு. கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை ஹாரன் அண்ணன் வந்தார். செஞ்ச ஆளு முன்சீட்டுல உட்காரட்டும் என்று அப்பாவை ஏற்றி, தான் பின்னால் ஏறி, என்னை அதே சரிவில் திரும்பத் திரும்ப இறங்கச் சொன்னார். அப்பா ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார். ஹாரன் அண்ணனின் முதல் கார் இப்போது நம் போர்ட்டிகோவில் பானட்டைத் திறந்தபடி நிற்கிறது.