அக்கா, உன்னிடம் எல்லோரும் கேட்டார்கள்

என் செல்ல அன்னக்காவுக்கு,

உன்மேல் எனக்குப் பொறாமை. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுவாளா ஒருத்தி என்று சனம் கேட்கும். கேட்கட்டும்.

நீ யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக் கிடந்தபோது பேயோட்டும் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். தோட்டத்து லய வீட்டு வாசலில் உடுக்கை அடித்து, "யாரு வந்திருக்க? என்ன வேணும்? சொல்லு தாயி" என்று அவர் கேட்டார். நீ முடியை அவிழ்த்துப்போட்டு ஆடினாய். அத்தானின் பெயரையே வாய்விட்டுச் சொன்னாய். "டேய் முருகேசு, இனிமே குடிச்சிட்டு வந்து கைய ஓங்குவியா?" அத்தான் உன் காலில் விழுந்தார். தினமும் உன்னை மூதேவி என்று திட்டிய உன் மாமியார், "தப்புத்தான் தாயி, மன்னிச்சிருங்க" என்றாள். என்ன ஒரு யோகம் உனக்கு!

கோடாங்கி போன பிறகு யாரும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நீ சோறு தொடாமல் மெலிந்து, அந்த மழைக்காலத்துச் சளிக்காய்ச்சலில் போய்விட்டாய். மனசுக்கான மாத்திரை அப்போதே கிடைத்திருந்தால் இருந்திருப்பாயா?

இப்போது எனக்கும் உன்னுடைய அதே மனசு நோய். டயகமவில் பஸ் ஏறி நுவரெலியாவுக்குக் கிளினிக் போகிறேன். டாக்டர் நல்ல மனுசி, ஆனால் கூட்டம். "நித்திரை வருதா? சாப்பிடுறீங்களா?" அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடும். பொய் சொல்லக் கூடாது, மாத்திரையால்தான் தூங்குகிறேன், தேயிலைக் கொழுந்து எடுக்கவும் போகிறேன். ஆனால் வீட்டில் "மாத்திரை போட்டியா?" என்பதைத் தவிர என்னிடம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை.

போன வாரம் என் மாமியார், "அந்த மாத்திரைய நிப்பாட்டு. கோடாங்கிய கூப்பிடுவோம்" என்றார். 'சரி' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அக்கா. நானும் ஒரு தடவை நடுவில் உட்கார வேண்டும், எல்லோரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? அப்புறம், கடைசி நாட்களில் நீ கிடந்த கிடை ஞாபகம் வந்தது.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "ஏங்க, இப்படி ஒக்காருங்க. எனக்கு சாமி ஒண்ணும் வரல. நாந்தான் பேசப்போறேன்."

பயந்துபோய் உட்கார்ந்தார். "என்னன்னு சொல்லு" என்றார். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அவர் எழுந்து போகவில்லை.

மாத்திரையை நிறுத்த மாட்டேன், உன்மேல் சத்தியம். நீ சாமியாக நின்று சொன்னதை எல்லாம் நான் கமலாவாகவே சொல்வேன். சொல்லி முடிக்காமல் உன்னிடம் வர மாட்டேன்.

இன்னும் பொறாமை தீராத உன் தங்கச்சி,
கமலா