தைராய்டு என்று சொன்ன கட்டி

பழங்காநத்தம்,
மதுரை.

அன்பு மகள் திவ்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாக இருப்பீர்கள், வயிற்றில் இருப்பதும் சுகமாக உதைத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் கழுத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகம்தான். அப்பா பேரையூரில் ஆடுகளோடு இருக்கிறார், சோளத்துக்கு மழை பத்தவில்லை என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படி, பயந்துவிடாதே.

எனக்கு இருப்பது தைராய்டு இல்லை திவ்யா. டிபி. நுரையீரலில் இல்லை, கழுத்து நெறிக்கட்டியில். நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இது யாருக்கும் ஒட்டாது, பிள்ளைத்தாய்ச்சி மகள் தாராளமாக வந்து தங்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் அந்தப் பேரைக் கேட்டதுமே உன் அண்ணன் சிவக்குமாருக்கு முகம் செத்துப்போனது. ஆஸ்பத்திரி வாசலிலேயே, "யாரு கேட்டாலும் தைராய்டுன்னு சொல்லும்மா, திவ்யா மாமியா காதுக்குப் போச்சுன்னா தலைப்பிரசவத்துக்குப் பிள்ளைய நம்ம வீட்டுக்கு விட மாட்டாக" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, உன்னிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அந்தப் பொய் படுத்துகிற பாட்டைக் கேள். கீழ் வீட்டு மலையம்மாள் நான் முட்டைக்கோஸ் வாங்கினால் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறாள், தைராய்டுக்கு ஆகாதாம். உன் மாமியாருக்கும் தைராய்டு அல்லவா, அவர் போடுகிற மாத்திரையிலேயே ஓர் அட்டையைப் பரவையிலிருந்து கொடுத்தனுப்பி, "வெறும் வயித்துல போடுங்க சம்பந்தி, எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை தன்னுடைய டாக்டரிடமே என்னைக் கூட்டிப் போக ஆட்டோ பிடித்து வரப்போகிறாராம். நல்ல மனுஷி, என்ன சொல்லித் தட்டிக் கழிப்பது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாத்திரை தொடங்கும்போது கட்டி சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் விழுங்கிய பிறகு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, காதுக்குக் கீழே இன்னொன்றும் கிளம்பிவிட்டது. விஷயம் தெரிந்த உன் தாய்மாமன் விருமாண்டி வளைகாப்புச் சீர் பேச வந்தவன், என் கழுத்தை மூடியிருந்த சேலையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டான். "ஏக்கா, கொணமாக்குற மருந்துன்னா கட்டி வத்தணும்ல, இம்புட்டு ஊதுதே, இதுக்குப் பேரு மருந்தா? எல்லாம் மாத்திரைச் சூடு. வளைகாப்பு முடியிற மட்டும் நிறுத்து, சபையில எல்லாரும் உன் கழுத்தத்தான் பாப்பாக" என்றான். சிவக்குமாரும் ஆமாம் என்று தலையாட்டினான். எனக்கே அப்படித்தான் தோன்றியது, கண்ணால் பார்க்கிறேனே.

காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரம்மாவிடம் போனேன். கட்டியில் ஊசி போட்டு எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார், முடிவு போன வாரம்தான் வந்தது. அதில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட வளரவில்லையாம். "மாத்திர வேலை செய்யாம வீங்கலம்மா, வேலை செஞ்சதாலதான் வீங்குது. இம்புட்டு நாளா அந்தக் கிருமி உங்க ஒடம்போட எதிர்ப்புச் சக்திய அமுக்கி வச்சிருந்துச்சு. மாத்திர அதக் கொல்லக் கொல்ல ஒடம்பு முழிச்சுக்கிட்டு, செத்துக் கிடக்குறதப் போட்டு அடிக்குது, அந்த அடிதான் வீக்கம். சில பேருக்கு இப்பிடி ஆகும், போகப் போக வத்திரும். ஆனா நடுவுல நிறுத்தினீங்கன்னா மிச்சம் இருக்குறது தலையெடுத்து, அப்பறம் இந்த மாத்திரைக்கே அடங்காமப் போகலாம்" என்றார். வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். விருமாண்டி சிரித்தான். செத்த கிருமிக்கு எதுக்குக்கா அடி, டாக்டரு தப்பிக்கப் பேசுறாக என்றான். சிவக்குமார் என் மாத்திரைகளை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான்.

நான் திரும்பப் போய் டாக்டரம்மாவிடம் அழுது அதே மாத்திரையை மறுபடி வாங்கி வந்துவிட்டேன் திவ்யா. நிறுத்திவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, காலையில் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு விழுங்குகிறேன். அந்த மாத்திரையால் சிறுநீர் செம்மண் தண்ணீராகப் போகிறது, யாரும் பார்க்காமல் இருக்க வாளி வாளியாக ஊற்றுகிறேன், அம்மா எதுக்கு இம்புட்டுத் தண்ணியக் காலி பண்ணுதுன்னு அண்ணன் கத்துகிறான். வெளியே இருப்பவர்களுக்கு நோயை மறைக்கிறேன், உள்ளே இருப்பவர்களுக்கு மருந்தை மறைக்கிறேன். இவர்கள் யாரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை, அதுதான் பெரிய கஷ்டம், கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டு வெளியே வந்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீயே உன் மாமியாரிடம் உள்ளதைச் சொல்லிவிடு. சம்பந்தியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபப்பட்டு, பிரசவம் பரவையில் தன் வீட்டில்தான் என்று அவர் சொன்னால் சொல்லட்டும், நான் வாசலில் நின்றாவது உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன். அதற்கு நான் இருக்க வேண்டுமே தாயி.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, பெட்டியைத் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். உனக்கும் அவருக்கும் வரப்போகிற உயிருக்கும் குலசாமி துணை நிற்கும்.

முக்கியமான ஒன்று. இதைப் படித்ததும் போன் செய். சிவக்குமார் ஸ்பீக்கரில்தான் போடுவான், விருமாண்டியும் இருப்பான். நல்லா இருக்கியா என்று கேட்காதே. "யம்மா, டிபி மாத்திர போட்டியா" என்று சத்தமாகக் கேள். இந்த வீட்டில் அந்தப் பேரை இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ கேட்டால், போட்டேன் என்று நானும் சத்தமாகச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மொ. முத்துத்தாய்