கோப்பு படிக்க ஒரே வழி

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் இயங்குதளத்தின் அடிப்பகுதியான கெர்னலில், கோப்பு படிக்கும் நிரலைச் சுருக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒரு கோப்பைப் படிக்க நான்கு வழி வைத்திருக்கிறோம். நான்கையும் ஒன்றாக்க வேண்டுமாம். அதில் இரண்டு நான் எழுதியவை. "நீங்க எழுதினதுதானே, நீங்களே வெட்டுங்க" என்றார் மேலாளர், ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி.

மார்ச் 5, வியாழன்

தாடியின் வழியை முதலில் எடுத்தேன். தாடி என்று நாங்கள் கூப்பிட்ட சக ஊழியர் பெரிய கோப்புகளுக்காக எழுதியது. நான்கு வருடம் முன்பு பெரிய கோப்புகளின் கடைசியில் குப்பை எழுத்துகள் வந்தபோது, அவர்மேல் பழியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெட்டுமுன் வரிவரியாகப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார்.

அப்படியானால் குப்பை எங்கிருந்து வந்தது?

மார்ச் 6, வெள்ளி

என்னிடமிருந்து.

அவர் நிரல் கடைசித் துண்டை மட்டும் என் நிரலிடம் கொடுத்துவிடுகிறது. என்னுடையதோ கோப்பின் நீளத்தை ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை பார்க்கிறது. நடுவில் வேறு யாராவது கோப்பைச் சுருக்கினால்? அது பாட்டுக்குப் பழைய நீளம்வரை, கோப்புக்கு அப்பால் கிடக்கும் குப்பையையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போகிறது. அடிப்பாவி! அவரை அனுப்பிய மாதமே வேகமான புது டிஸ்க்குகள் வந்தன; நடுவில் யாரும் சுருக்குமுன் படித்து முடிந்துவிடும், பிழை தலைகாட்டவில்லை. ஆள் போனதும் பிழையும் போச்சு பார் என்றார்கள். அவர்மேல் பழி போட்ட கூட்டத்தில் "என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்றவள் நான்தானே? பார்த்துவிட்டா சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். "விடுங்கம்மா, அதான் அந்த புரோகிராமையே தூக்கப் போறோமே. பழசை எதுக்குக் கிளறணும்?" வீட்டில் இவரும் அதே பாட்டு. "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? உன்னையும் தூக்கிட்டா?" எனக்கு மட்டும் பயமில்லையா? பழைய நிரல் போய்விட்டால் யாரும் இதைத் தேடப் போவதில்லை. எனக்கு மட்டும் தெரியும், சாகிறவரை.

மார்ச் 11, புதன்

முடியல. சத்தியமா முடியல.

மார்ச் 12, வியாழன்

சுருக்கிய நிரலோடு அனுப்பும் குறிப்பின் கடைசியில் எழுதிவிட்டேன்: அன்று வந்த குப்பைக்குக் காரணம் என் நிரல், அவருடையது அல்ல. மேலாளர் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை ஏற்றுக்கொண்டார். நிரலில் எழுநூற்று நாற்பது வரி குறைந்துவிட்டது. "சூப்பரா சுருக்கிட்டீங்க" என்று ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். த்தூ.

மார்ச் 13, வெள்ளி

அந்த வரியையும் பழைய நிரலையும் சேர்த்து அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். தாடிக்கும் ஒன்று, மன்னிப்புக் கேட்டு. மதியத்துக்குள் கெர்னல் குழுவிலிருந்து என்னைத் தூக்கி, உதவிப் பக்கங்கள் எழுதப் போட்டுவிட்டார்கள். "சொன்னேன்ல?" என்றார் இவர். சொன்னார்தான்.

மார்ச் 17, செவ்வாய்

தாடியிடமிருந்து பதில். "படிச்சேன். என் பொண்ணுகிட்டயும் காட்டினேன். நாலு வருஷம் அவ என்னைத்தான் தப்புன்னு நினைச்சா. உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல. இனிமே எழுதாதீங்க."

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதாதே என்றுதானே சொல்லியிருக்கிறார் என்று எழுந்துவிட்டேன்.