பின்னறைக்கு மட்டும் வெள்ளை

ஜூன் 11, வியாழன்

காலை எட்டுக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. காற்று இல்லை. துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டு ராயபுரம் வீட்டைத் திறந்தேன். இரண்டு வருஷப் பூட்டு, எண்ணெய் விட்டும் அரைமணி நேரம்.

செய்தது: கூடம் பெருக்கல். கிணற்றில் செத்த எலி, எடுத்தாயிற்று. அப்பா செத்த பின்னறைக்கு நானே வெள்ளை அடித்தேன். சுண்ணாம்பு அந்த ஒரு அறைக்கே சரியாகப் போயிற்று.

ஆஸ்பத்திரிக் கடிதம் பையிலேயே இருக்கிறது. கமலாவுக்குப் படுக்கை வரும் புதன், 17-ஆம் தேதி. அன்று வராவிட்டால் அடுத்த ஆளுக்கு. ஊசி மருந்தை நாங்களே வாங்கி வர வேண்டும். அப்பாவுக்கு வந்த அதே சயரோகம். என் தங்கைக்குப் பத்தொன்பது வயது. இந்த வீடு விற்றால்தான் மருந்து. வேறு வழி எதுவும் இல்லை, யோசித்துப் பார்த்தாயிற்று.

பத்து மணிக்கு அரிசி மண்டிக்காரர் வந்தார். தெருவில் பாதி அவருடையது. வாசற்படி தாண்டவில்லை, மூக்கில் துண்டு.

"சயம் புடிச்ச வூட்ட எவன் தம்பி வாங்குவான்? பாதி வெல. ரொக்கம், இன்னிக்கே."

புதன்கிழமைக் கெடு அவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்களோ. இந்த ஆளுக்கு நோய் ஒரு வியாபாரச் சரக்கு.

தரகர் காதர் பாய், வயதானவர், நல்லவர். இன்னொரு ரொக்கப் பார்ட்டி இருக்கிறதாம். துறைமுக வாசலில் சாப்பாட்டுக் கடை நடத்தும் பச்சையம்மா. "நாளைக்கு வருவாங்க. நோவப் பத்தி வாயத் தொறக்காதே தம்பி" என்றார். தலையாட்டினேன்.

ஜூன் 12, வெள்ளி

அதே வெயில். பல் வலி.

பச்சையம்மா ஐம்பது வயது இருக்கும். கறுத்து உயர்ந்த உருவம், வாய் நிறைய வெற்றிலை. வந்ததும் வராததுமாக முற்றத்துச் சுவரில் துப்பினாள். எரிச்சலாக இருந்தது. கூடத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கிணறு. ஒரு வாளி இறைத்து வாயில் ஊற்றிக்கொண்டாள்.

"உப்பு. ஏனம் கழுவ ஆவும். உலைக்கு வெளிலேந்து தண்ணி தூக்கணும்."

அடுப்படியில் கையை நீட்டிப் புகைபோக்கி அளந்தாள். ஆட்டுக்கல் வீட்டோடு சேர்த்தியா என்று கேட்டாள். சேர்த்திதான் என்றேன். பிறகு பின்னறை. வாசலில் நின்றுவிட்டாள்.

"வூடு பூரா அழுக்கா கீது. இங்க மட்டும் இன்னாத்துக்கு நைனா புது வெள்ள?"

காதர் பாய் கூரையைப் பார்த்தார். நான் எவ்வளவு பெரிய முட்டாள். கூரையில் நாற்பது ஓடு உடைந்து கிடக்கிற வீட்டில் ஒரே ஒரு அறைக்கு வெள்ளை!

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இவள் நூறு கூலியாட்களுக்குச் சோறு போடுகிறவள். சொல்லிவிட்டேன். அப்பா, சயரோகம், ஒன்றரை வருஷம் இதே அறையில். இப்போது தங்கைக்கும்.

காதர் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

அவள் உள்ளே போய் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள்.

"ஜன்னல் எங்க?"

"இல்லை."

"ஒன்னற வருசம் இருமுற மனுசன, ஜன்னல் இல்லாத ரூம்புல போட்டு வெச்சிருந்தீங்க?"

தெருவில் யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அங்கே போட்டோம். அப்பா வெளியே படுக்கக் கேட்டார். நாங்கள்தான் மாட்டோம் என்றோம். மண்டிக்காரரைத் திட்டுகிற வாய் இதற்கு என்ன சொல்லும்?

"கேட்ட வெலயே தரேன். ஜன்னல் ஒடைக்கிற கொத்தனார் கூலிய மட்டும் கழிச்சிக்குவேன். இன்னா சொல்ற?"

ஜூன் 13, சனி

ராயபுரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கூரை மேல் இரண்டு பேர். பச்சையம்மா கடையில் சாப்பிடும் சுமை கூலிகள். பின்னறை ஓடுகளைப் பிரித்துக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காதர் பாய் பதறிப்போய், "இன்னும் கிரயமே ஆவலியேம்மா!"

"வெயிலுக்கு இன்னாத்துக்கு பாய் கிரயம்? ரெண்டு நாள் காயட்டும். அப்பால வெள்ள அடிச்சா அது வெள்ள."

தரையில் வெயில். அந்தத் தரையில் வெயில் விழுந்து நான் பார்த்ததில்லை. பாசி படிந்த மூலை பச்சையாகத் தெரிந்தது.

மண்டிக்காரர் தெருவில் நின்று உரக்க, "நோவு புடிச்ச வூட்ல சோறாக்கி ஊரையே சாவடிக்கப் போறியா?"

மேலே இருந்தவன் சிரித்துவிட்டான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாதி வெலைக்கு நீ கேட்டியே நைனா, அப்ப அந்த நோவு எங்க போய்ச்சு?"

தெருவே கேட்டது. அவர் செருப்பைச் சரி செய்துகொண்டு போனார். எனக்கு இரண்டு நாளாகத் தோன்றாத பதில்.

பகல் இரண்டு. கிரயத்துக்குத் தங்கச்சியின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்கிறாள் பச்சையம்மா. காதர் பாய், "பொம்பளப் புள்ள கையெழுத்து தேவையே இல்லம்மா."

"ஒனக்குத் தேவையில்ல. அந்த வூட்ல நோவு வாங்கினது அது."

சம்மதச் சீட்டை நானே எழுதிக்கொண்டு, அவளோடு திருவொற்றியூருக்கு ரயில். சித்தி வீட்டில் கமலாவுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், கொல்லைப்புறத் தாழ்வாரம். சித்தியைக் குறை சொல்ல முடியாது, மூன்று சின்னக் குழந்தைகள். ஆனால் ஆறு மாதமாக யாரும் அவளுக்கு ஆறு அடிக்குள் வந்ததில்லை. நானும்தான்.

பச்சையம்மா போய்ப் பாயிலேயே உட்கார்ந்தாள்.

"தள்ளி உட்காருங்கம்மா, ஒட்டிக்கும்" என்றாள் கமலா.

"அந்தாண்ட திரும்பி இருமு. அது போதும். எழுதப் படிக்கத் தெரியுமா? படிச்சி சொல்லு, இந்தாளு எனக்கு இன்னா எழுதிக்கீறான்னு."

கமலா சம்மதச் சீட்டை முழுக்க வாசித்துக் காட்டினாள். நடுவே இரண்டு முறை திரும்பி இருமினாள். கையெழுத்துப் போட்டாள், பூ மாதிரி. இரவு சாதம் இரண்டாம் முறை கேட்டாளாம், சித்தி சொன்னாள்.

ஜூன் 15, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. பத்திர ஆபீஸ். புழுதி, வெற்றிலைக் கறை, காக்க வைத்தல். பத்திரம் எழுதுகிறவர் வழக்கம் போல "இன்னார் விதவை பச்சையம்மாள்" என்று ஆரம்பித்தார்.

"செத்தவனா துட்டு குடுக்கறான்? சாப்பாட்டுக் கடைக்காரின்னு போடு."

"சட்டம்மா. புருஷன் பேர் வேணும்."

"அப்ப ரெண்டும் போடு."

இரண்டும் போட்டார். கட்டைவிரலை மையில் அழுத்தி அவள் வைத்த ரேகை அவ்வளவு பெரிதாக இருந்தது. கொத்தனார் கூலியைக் கழித்துக்கொள்ள மறக்கவில்லை, காலணா விடாமல். அதுவும் பிடித்தது எனக்கு.

சாவியைக் கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு, உலைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். நன்றி சொல்ல விடவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

மருந்து கிடைத்தது. மூன்று கடை ஏறி இறங்கி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தேன். பல்லைப் பிடுங்க நேரமில்லை.

ஜூன் 17, புதன்

விடியலில் தூறல். கமலாவை வண்டியில் ஏற்றும்போது சித்தி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. எல்லாரும் எலும்பாக, எல்லாரும் ஏழை. ஒரு மில் முதலாளியையும் காணோம். மருந்துப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். படுக்கை எண் 14.

சேர்க்கைச் சீட்டு எழுதுகிறவர்: பெயர், வயது, தகப்பன் பெயர். பிறகு, "நிரந்தர விலாசம்? கடிதம் போட்டா யாராவது வாங்கற எடமா சொல்லுங்க."

சித்தி வீடு நிரந்தரம் இல்லை. நான் படுப்பது தண்டையார்பேட்டையில் ஐந்து பேரோடு ஓர் அறையில், மாதா மாதம் மாறும். பேனா காத்திருந்தது.

கமலா ராயபுரம் கதவு எண்ணைச் சொன்னாள்.

"அது வித்தாச்சே" என்றேன்.

"தெரியும். இப்பதான் அங்கே ஆள் இருக்காங்க."