கூழ்முட்டை மணக்கும் கார்

பங்குனி (மார்ச்) 9, ஞாயிறு

இன்றைக்குக் கோயிலுக்குப் போனதில் புண்ணியம் ஒன்றும் சேர்ந்திருக்காது. வழி முழுக்க இவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். காருக்குள் கூழ்முட்டை மணம். கண்ணாடியை இறக்கினால் வெளியிலிருந்தும் அதுதான் வருகிறது. இவர் விசிலடித்துக்கொண்டு ஓட்டுகிறார்.

"மணக்கேல்லையா உங்களுக்கு?"

"என்ன மணம்? வாவிக்கரையில சேறு மணக்கும்தானே."

களுவாஞ்சிக்குடியில் பிறந்து ஐம்பத்தாறு வருஷமாய் இந்த வாவிக் காற்றைக் குடிக்கிறவளுக்குச் சேற்று மணம் தெரியாதாம். பிடிவாதத்துக்கு ஒரு அளவில்லையா?

பங்குனி 11

பக்கத்து வளவு மங்கையற்கரசி அக்கா வேலியோடு வந்து நின்றா. "என்னகா கேதீஸ், உங்கட கார் போனாப் பிறகு சன்னல் திறக்க ஏலாமக் கிடக்கு. உள்ளுக்க எலி கிலி செத்துக் கிடக்கோ எண்டு பாரு."

இவரிடம் சொன்னேன். "அவவுக்குப் பொறாமை. இந்த ஊரில ரெண்டு கதவுக் கார் வேற ஆரிட்ட இருக்கு?"

ஒருவரிடமும் இல்லைதான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் காலமெல்லாம் ஜீப்பில் குலுங்கின மனிசன், இனி எனக்கென்று ஒரு கார் என்று தேடிப் பிடித்தது. சிவப்பு. நிலத்தோடு ஒட்டினது. ஏறினால் இறங்க ஒரு ஆள் கை தரவேணும். வாங்கும்போதே அது கிழடு. நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்கிறது. இவருக்குக் கோபம் வராது, சிரிப்பார். அவள்தான் என்னை விட நல்லாப் பேசுகிறாளாம்.

பங்குனி 18

காத்தான்குடியில் நிஸ்தாரின் கராஜ். இந்தக் காருக்கு வைத்தியம் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார்.

"சேர், கொன்வேட்டர் முடிஞ்சு."

புகைக்குழாயின் நடுவில் ஒரு பெட்டியாம். உள்ளே தேன்வதை மாதிரிச் சின்னச் சின்னத் துவாரம். என்ஜினிலிருந்து வாற நச்சுப் புகை அதுக்குள்ளே போய்ச் சுத்தமாகி வெளியே வரும். அது உருகி அடைத்துப்போச்சு. மணமும் அதனால்தான், கார் இழுக்காததும் அதனால்தான். இந்த மொடலுக்குச் சாமான் இலங்கையில் இல்லை. ஜப்பானிலிருந்து பழசு ஒன்று வந்தால் உண்டு.

வேறு வழியும் சொன்னார். ஒன்று, உள்ளே இருக்கிறதைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் பெட்டியாய் விடுகிறது. "அவள்ட குடலைப் பிடுங்கவா?" என்றார் இவர். மற்றது, புகைப் பரிசோதனை அன்றைக்கு மட்டும் இன்னொரு காரின் கொன்வேட்டரை இரவல் வாங்கிப் பூட்டி, பாஸ் ஆனதும் கழற்றிக் கொடுக்கிறது. எல்லாரும் அப்படித்தானாம்.

"இரவல் சேலையில கலியாணம் கட்டச் சொல்லுறீங்க" என்று எழும்பிவிட்டார். நேர்மையான மனிசனோடு வாழ்கிறது பெரிய கரைச்சல்.

சித்திரை 4

புகைப் பரிசோதனை. பெயில். இனி இந்த வருஷ லைசன்ஸ் இல்லை. தெருவில் ஏற்ற ஏலாது.

இரவு சாப்பிடவில்லை. காரைப் போர்வையால் மூடிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். யாரோ செத்த வீடு மாதிரி.

சித்திரை (ஏப்ரல்) 14

வருஷப் பிறப்பு. அவசரத்தில் சொதி அடிப்பிடித்துவிட்டது. குசினி முழுக்கக் கருகல். வேறு வருஷம் என்றால் இதுக்கு ஒரு பாட்டு வரும், மீனில் வெடுக்கு, சோற்றில் புகை என்று. இன்றைக்கு ஒரு சொல் இல்லை. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

மனிசன் திருந்திட்டார். கார் போனாலும் இந்த நன்மை வந்ததே.

வைகாசி 7

ஒழுங்கைக்குள்ளே மட்டும் ஓட்டுகிறேன் என்று எடுத்துப்போய் கேற் தூணில் உரசிக்கொண்டு வந்தார். இது இரண்டாம் தரம்.

"அடைச்சுக் கிடக்கிறதால இழுவை இல்ல. கொன்வேட்டர் மாறினாச் சரியாயிடும்."

சேட்டுப் பொத்தான் பூட்ட இப்போது கனநேரம் எடுக்கிறார். கேட்டால் பொத்தான் சின்னனாம். நல்லகாலம், அதுக்கும் கொன்வேட்டரைச் சொல்லவில்லை.

வைகாசி 25

காரை ஸ்ராட் பண்ணிக் கனநேரம் நிறுத்தாமல் விட்டிருக்கிறார். அடியில் அந்தப் பெட்டி சிவப்பாய்ப் பழுத்துக் கிடந்தது. வாளியோடு ஓடினேன். "தண்ணி ஊத்தாத, வெடிக்கும்!" என்று கத்தினார். நிறுத்தி, ஆறும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மாளின் சூடு தணியக் குளிர்த்தி பாடுகிற மாதிரி இதுக்கும் பாடவேணும் என்றேன். சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் முகத்தில் சிரிப்பு வருகிறதே இல்லை. எல்லாம் இந்தக் காரால்.

ஆனி 10

எழுத்தெல்லாம் கோணல்.

பின்னேரம் அம்மன் கோயிலால் வந்தேன். படலையடியிலேயே காஸ் மணம். உள்ளே வந்தால் குசினியில் அடுப்பு மேல் கேத்தில், அடுப்புத் திறந்தபடி, நெருப்பு இல்லை. காற்றில் அணைந்திருக்கும். காஸ் நிறைஞ்சு போய்க் கிடக்கு வீடு. இவர் மேசையில இருந்து கார்ப் புத்தகம் பார்க்கிறார். கையில நெருப்புப்பெட்டி. நுளம்புத்திரி கொளுத்தப் போறார்.

நான் பாஞ்சு போய்க் கையில அடிச்சன். பெட்டி பறந்துது. சிலிண்டரைப் பூட்டி, சன்னல் எல்லாம் திறந்து, அவரை இழுத்துக்கொண்டு வளவுக்கு வந்துதான் வாய் வந்துது. "விசரா உங்களுக்கு? மணக்கேல்லையா? மணக்கேல்லையா?"

"என்ன மணம்?"

அதே கேள்வி. ஆனால் இந்தத் தரம் முகத்தைப் பார்த்தன். அந்த மனிசனுக்கு உண்மையிலேயே தெரியேல்ல. பயந்துபோய் என்னைப் பார்க்குது.

வேப்பிலையைக் கசக்கி மூக்கில பிடிச்சன். கோயில் திருநீறு. பிறகு உள்ளுக்க ஓடிப்போய் வெள்ளைப்பூண்டு. ஒண்டுமில்ல. ஒண்டுமே இல்ல.

ஆனி 11

திருந்திட்டார் எண்டு எழுதினேனே. பாவி நான்.

ஆனி 19

மட்டக்களப்பில் நரம்பு டொக்டர். நடக்கச் சொன்னார். விரலை விரலோடு தட்டச் சொன்னார். சுதாகரன் என்று தன் பெயரைப் பத்துத் தரம் எழுதச் சொன்னார். பத்தாவது எறும்பு மாதிரிச் சின்னன்.

பார்கின்சன் வருத்தம். சிலருக்கு முதலில் மூக்குத்தான் போகுமாம், கை நடுக்கம் பிறகுதானாம். முகத்தில் சிரிப்பு வராததும் அதுதானாம். மருந்து இருக்கு, சமாளிக்கலாம், முற்றாய் மாறாது. வலது கால் பிந்துது, கார் ஓட்டுறதை விடுங்க என்றார்.

பஸ்ஸில் வரும்போது இவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "கொன்வேட்டர் மாறினால் பிரேக் நல்லாப் பிடிக்கும்."

சன்னலால பாத்துக்கொண்டு வந்தன்.

ஆடி 8

நிஸ்தார் எனக்குப் போன் எடுத்தார். "டீச்சர், சாமான் வந்திட்டு. நல்ல கொண்டிசன்."

இவ்வளவு நாள் வா வா என்று காத்திருந்தது. இப்போது வந்திருக்கிறது. "வரேல்ல எண்டு சொல்ல ஏலாதா, நிஸ்தார்?" என்று கெஞ்சினேன். விஷயத்தையும் சொன்னேன்.

"அல்லாஹ்... டீச்சர், நானா எடுத்துச் சொல்லமாட்டன். ஆனா சேர் கேட்டா என்னால பொய் சொல்ல ஏலா."

பின்னேரமே சேர் கேட்டார்.

ஆடி 21

பூட்டியாச்சு. பரிசோதனை பாஸ். நிஸ்தார்தான் ஓட்டிக் கொண்டுவந்து விட்டார், கார்த் திறப்பை என் கையில் தந்தார். ஒரு மணமும் இல்லை. மங்கை அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இப்ப மாப்பிள்ளை மாதிரி இருக்கு கா" என்றா.

இவர் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கால் இழுபடுகிறது. திறப்பை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். கட்டின புருஷனிடமிருந்து ஒளிக்கிற நிலைமை. இதை விட அவர் என்னை அடித்திருக்கலாம்.

ஆடி 29

ஒவ்வொரு நாளும் கேட்கிறார். பத்து நிமிஷமாம். வாவிக்கரை வரைக்குமாம். கெஞ்சுகிறார், கோபிக்கிறார், பிறகு ஒன்றும் கேட்காமல் கதிரையில் இருக்கிறார். அந்தக் கடைசியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆவணி 3, ஞாயிறு

காலையில் நான் கிணற்றடியில் நின்றபோது கார் சத்தம் கேட்டது. தோய்த்த உடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குசினியில் அரிசி கொட்டிக் கிடந்தது.

ஒழுங்கையால் ஓடிப்போய் வாவிக்கரைத் தெருவில் ஏறினேன். செருப்பும் இல்லை. கடவுளே என்று கூப்பிடக்கூட மூச்சு இல்லை. வளைவில் கார் நின்றது. முன் சில்லு இரண்டும் தெருவை விட்டு இறங்கிக் கண்டல் மரத்துக்குள். தண்ணீர் ஒரு முழத்தில். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தெருவிலும் யாரும் வரவில்லை, அது அம்மாள் செய்த உபகாரம்.

கதவைத் திறந்தேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"கால் வரேல்ல, கேதீஸ்" என்றார். "பிரேக்கில வை வை எண்டு சொல்லுறன். அது வரேல்ல. காரில ஒரு பிழையும் இல்ல."

சுற்றிப்போய் மற்றப் பக்கத்தால் ஏறி இருந்தேன். இரண்டு பேரில் ஒருவருக்கும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. எனக்கு ஓட்டத் தெரியாது. நிஸ்தாருக்கு எடுத்தேன், வாறன் என்றார். இவர் திறப்பைக் கழற்றி என் மடியில் வைத்தார். நான் கேட்கவில்லை.

என்ஜின் நின்று, கண்ணாடி இறக்கிக் கிடந்தது. காற்று வந்தது. இவர் கேட்டார்.

"இப்ப மணக்குதா?"

"இல்ல."

"ஒரு மணமும்?"

"ஒரு மணமும் இல்ல."

"அப்ப இப்பதான் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி" என்றார்.

நிஸ்தார் வரும்வரை அப்படியே இருந்தோம்.