மச்சான், நானும் டோலிக் கம்புக்குத் தோள் கொடுத்தேன்

என் பிரியமான காட்டெருமையே, மச்சான் செல்லமுத்து,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. உன் அக்கா பாப்பாத்தி காலையிலேயே உன் படத்துக்குப் பூ வைத்து, சாமைச் சோறு ஆக்கி இலை போட்டாள். காக்கை வந்து இரண்டு பருக்கை கொத்திவிட்டுப் போனது. "என் தம்பிதானுங்க வந்துட்டுப் போறான்" என்றாள். உன் தம்பியாக இருந்தால் இலையையும் சேர்த்துத் தின்றிருப்பானே என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

ரோடு வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்பாய். இரண்டாயிரம் பிறந்துவிட்டது, ரோடு பிறக்கவில்லை. அளந்தார்கள், கல் நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்தக் கல்லில் இப்போது நான் ஆடு கட்டுகிறேன். அரசாங்கத்தால் நம் ஊருக்குக் கிடைத்த ஒரே வசதி அதுதான்.

இன்னொரு சேதி. உன் மருமகள், என் மகள் சுமதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அது எப்படிப் பிறந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவளை சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்தோம் அல்லவா? அங்கே வாசலில் பஸ், கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. ஆனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்க வேண்டும். கை நிறைய வளையல் போட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் பஸ்ஸில் ஏற்றி, செம்மேட்டிலிருந்து ஜீப் பிடித்து, ஜீப்பும் போகாத பள்ளத்தில் கிடக்கிற நம் ஊருக்கு அவளை மெல்ல நடத்திக் கூட்டி வந்தோம். ஆஸ்பத்திரி இருக்கிற ஊரிலிருந்து இல்லாத ஊருக்குப் பிள்ளை பெறக் கூட்டி வருகிற புத்திசாலிகள் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? அந்தப் புத்திசாலிக் கூட்டத்தில் முதலில் தலையாட்டியவன் நான்.

வந்த அன்றைக்கே பாப்பாத்தி கேட்டாள். "வலி கண்டா ஆருங்க தூக்கறது? என் தம்பியும் இல்ல."

நம் ஊர் ஆம்புலன்ஸான டோலி உனக்குத் தெரியாததா? மூங்கில் கம்பில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, அதில் ஆளைப் படுக்க வைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் ஜீப் நிற்கிற மேட்டு ரோட்டுக்குத் தூக்குவது. ஏற்றத்தில் கனம் முழுக்கப் பின்னால் இருப்பவன் தலையில்தான் விழும். அந்தப் பின்முனை எப்போதும் உன் தோளில் இருந்தது. இப்போது இளவட்டங்கள் எல்லாம் போர்வெல் லாரியில் வடக்கே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது என்னோடு சேர்த்து மூன்று கிழடுகள். மற்ற இருவரும் என்னைவிட இளையவர்கள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் உடம்பைப் பற்றி நீயே நிறையப் பேசியிருக்கிறாய். மளிகைக் கடையில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு. மேல் அலமாரியில் இருக்கிற சீயக்காயை எடுக்கவே வாங்க வந்தவரை உதவிக்குக் கூப்பிடுவேன். ஆனால் ஆணாகப் பிறந்தவனுக்குப் பலம் தானாக ஊறும் என்று ஒரு நினைப்பு இருந்தது பார். மறுநாளே ஒரு மிளகு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டேன். தோளுக்கு வந்த மூட்டை அங்கேயே நிற்க, இடுப்பு மட்டும் கீழே போய்விட்டது. நாலு நாள் தைலத்தில் ஊறினேன்.

செம்மேட்டு நர்ஸம்மா ஊசி போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அழுகின பலாப்பழத்தைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். "ஏனுங்க, தவழாமயே ஓடப் பாத்தீங்களா? மொதல்ல ஸ்டூல்ல உக்காந்து கை ஊனாம எந்திரிக்கப் பழகுங்க. குனியறப்ப முதுகை வளைக்காம இடுப்புல மடங்குங்க. சதையில நோவு வந்தா ரெண்டு நாள்ல போயிரும். மூட்டுல நோவு வந்தா நிறுத்திக்கோணும்."

இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தேன். பத்து தடவைக்குள் தொடை இரண்டும் கோழிக்குஞ்சு மாதிரி வெடவெடத்தன. அடேய், ஐம்பது வருஷம் இந்தக் கால்களையா நம்பி நடந்தேன்?

பிறகு வாசல் கல்லில் ஏறி இறங்கினேன். இரண்டு கையிலும் அரைக்குடம் தண்ணீரோடு கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அது சுலபமான பிறகு முக்கால் குடம். பலாப்பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். முள் குத்துகிறதே என்று மெத்தென்று பிடித்தால் பழம் நழுவும். அது ஒரு நல்ல வாத்தியார். ஒரு நாள் செய்தால் மறுநாள் வெறும் நடைதான். மூச்சு வாங்கி இரண்டு வார்த்தை பேச முடியாமல் போனால் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். ஊர் சும்மா இருக்குமா? "கடைக்காரர் பலாப்பழத்தைக் கட்டிப் புடிச்சிட்டு உக்காந்து உக்காந்து எந்திரிக்கறாருங்க, பூசாரியைக் கூப்பிடலாமா" என்று உன் அக்காவிடமே கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகன் வருவார். சேந்தமங்கலத்தில் கேசட் கடை, சாயங்காலம் ஜிம். கை இரண்டும் உரல் மாதிரி, கால் இரண்டும் உலக்கை மாதிரி. கண்ணாடி இல்லாத இடத்தில் அவருக்குக் கை மடங்காது. ஒரு டப்பா மாவைக் கொண்டு வந்தார்.

"மாமா, இதைப் பால்ல கலக்கிக் குடிங்க. உடம்பு ஏறும்."

"உடம்பு ஏற வேண்டாங்க மாப்ள. மேடு ஏறுனாப் போதும்."

"ஜிம்முல நான் எவ்ளோ தூக்கறேன்னு தெரியுமுங்களா?"

"தூக்கிட்டு எவ்ளோ தூரம் போவீங்க?"

தூக்கின இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள் மச்சான். நீ கேட்டிருந்தால் மூன்று நாள் சிரித்திருப்பாய்.

ஆனாலும் ஆள் வேண்டுமே. டோலியில் பலாப்பழங்களை அடுக்கி, அவர் முன்னால், நான் பின்னால். என்சிசியில் இருந்தவராம், லெஃப்ட் ரைட் சொல்லிக்கொண்டே நடந்தார். பழங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. அடுத்த ஞாயிறு பழத்துக்குப் பதிலாக உன் அக்கா ஏறிப் படுத்தாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இது டோலியா, சோளம் புடைக்கற முறமா? என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்களா, நேரா சுடுகாட்டுக்கா?"

"என்ன அத்தை ஆச்சு?" என்றார் மருமகன்.

"ரெண்டு பேரும் ஒரே கால்ல நடந்தா கம்பு குதிக்காம என்ன பண்ணும்? என் தம்பி முன்னாடி ஆளு காலைப் பாத்து மாத்தி மாத்தி வெப்பான். இந்தப் பட்டாளத்து நடையெல்லாம் டவுன்லயே வெச்சுக்கங்க கண்ணு."

மாற்றி வைத்தோம். கம்பு அடங்கிவிட்டது. இத்தனை வருஷம் உன் நடையைப் பார்த்துக் குடிகாரன் மாதிரி தள்ளாடுகிறான் என்று நக்கல் செய்தவன் நான்.

வலி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். விடிந்து கொஞ்ச நேரம். முந்தின ராத்திரியே வந்து தங்கியிருந்த மருமகன் முன்னால், நான் பின்னால், மற்ற இரண்டு கிழடுகளும் இரு பக்கமும். பாதி வழி வரை என் கால்களை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு ஒழுங்காகப் போயின. வழுக்குப்பாறை வந்தது. சுமதி போர்வையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இறக்கி விடுங்கப்பா, நான் நடந்துக்கறேன்" என்றாள்.

பாறை ஏற்றத்தில் என் தொடை நடுங்க ஆரம்பித்தது. என் மகள், என் தோள், நான்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. பல்லைக் கடித்து இரண்டு எட்டு வைத்தேன். மூன்றாவதில் பாதம் வழுக்கி, கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மருமகன் அந்த உரல் கைகளால் கம்பை அப்படியே பிடித்து நிறுத்தினார். பிடி கொஞ்சமும் அசையவில்லை. அந்த ஜிம்முக்கு என்னிடமிருந்து கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான், ஆனால் இவ்வளவு உண்டு.

"மாத்துங்கப்பா, என்னால முடியல" என்றேன். பக்கத்தில் வந்தவர் தோளை நுழைத்துக்கொண்டார். அவ்வளவுதான் மச்சான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பாறைக்கு மேலே போய் மறுபடி வாங்கிக்கொண்டேன். ரோட்டில் ஜீப் நின்றது. மத்தியானத்துக்குள் பேத்தி பிறந்துவிட்டாள். செல்லமுத்து என்றே பேர் வைக்கலாம் என்று உன் அக்கா நின்றாள். அந்தப் பேரிலிருந்து குழந்தையை மருமகன்தான் காப்பாற்றினார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் திண்ணை மாதிரி இருந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. நீ ஒருநாளாவது தோள் மாற்றச் சொல்லியிருக்கிறாயா? பாம்பு கடித்தவனை, மூச்சு முட்டிய கிழவியை, எத்தனை பேரைக் கொண்டு போனாய். முன்னால் ஆள் மாறும், பின்னால் நீ மாறவே மாட்டாய். "செல்லமுத்து இருக்கான், அவன் பாத்துக்குவான்" என்று நாங்கள் பீடி பிடித்துக்கொண்டு கூடவே நடந்தோம். அதை உன் பெருமை என்று வேறு பேசினோம். உனக்குத் தொடை நடுங்கவே இல்லையா? நடுங்கியபோது பின்னால் திரும்பிப் பார்த்தாயா? பார்த்து, இந்த ஊர் மூஞ்சிகளிடம் கேட்பதைவிடச் சுமப்பதே மேல் என்று விட்டுவிட்டாயா?

அந்தத் தை மாதம் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நாங்கள் கம்பைத் தேடி எடுத்துப் போர்வை கட்டுவதற்குள் முடிந்துபோயிற்று.

இப்போது ஞாயிறுதோறும் ஊரே களத்தில் நிற்கிறது. ஸ்டூலும் அரைக்குடமும்தான் ஆரம்பம், யாராக இருந்தாலும். உன் அக்காவும் கம்பு பிடிக்கிறாள், என்னைவிட நன்றாகவே. லாரியிலிருந்து லீவில் வருகிற பயல்களையும் விடுவதில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன்னைப் போல இன்னொருவன் இந்த ஊரில் உருவாக நான் விடமாட்டேன். எவனாவது நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று வீரம் பேசிக் கம்பை விடாமல் நின்றால், அவன் காதைத் திருகித் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நான் நுழைவேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியும் உனக்குத் தோள் மாற்றக் கற்காத,
இன்னும் தொப்பை கரையாத,
உன் மச்சான்