தோள் அளவு மட்டும் மாறவில்லை

மாப்ளே,

உன் கோட்டும் பேண்ட்டும் என் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. தங்கச்சி, அதாவது உன் வீட்டுக்காரி, ஆட்டோவில் கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்குச் சேர்ந்தால் போட்டுக்கொள்ளச் சொன்னாளாம், இல்லாவிட்டால் வேலைக்குப் போகிற யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாளாம். பிளாஸ்டிக் உறையைத் திறந்ததும் இஸ்திரி போட்ட கம்பளித் துணி வாசம் வந்தது. அதோடு நீ கழுத்தில் பூசுகிற சந்தனப் பவுடர் வாசமும் வந்தது. கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, பேண்ட்டின் இடுப்பை உள்பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கத் தையலை ஒட்டி டெய்லர் சாக்பீஸில் போட்ட மூன்று கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இன்னும் அழியாமல் இருக்கின்றன. முதல் கோடு ஐப்பசியில் உன் இடுப்பு. இரண்டாவது கார்த்திகையில். மூன்றாவது மார்கழியில்.

அந்த மூன்று கோட்டையும் படிக்கத் தெரிந்த ஆள் ஒருத்தர் இருந்தார், மாப்ளே. உன் உடம்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் வாயை அடைத்தவன் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கே நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. நாற்பது என்று எழுதத்தான் கை போனது. உனக்கு எழுதும்போது அது முடியவில்லை. எட்டாங்கிளாசோடு நின்றவன் எழுத்து, பிழை இருக்கும். நீ மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன், திருத்திப் படித்துக்கொள்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக்கடை ஒன்றில் எட்டு மாதம் துணி கிழித்துக் கொடுத்தேன். அதை எட்டு வருஷம் ஆக்கினேன். பிறகு கோட்டு செக்‌ஷனே என் பொறுப்பில் இருந்தது என்றேன். கடைசியில் ஊட்டிக்கு ஷூட்டிங் வந்த வடநாட்டு நடிகருக்குத் துணி பொறுக்கிக் கொடுத்ததும் நான்தான் என்று கொண்டுவந்து நிறுத்தினேன். டீக்கடையில் நான் இதையெல்லாம் அள்ளி விடும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். கேட்கிறவர்களைப் பார்த்து உள்ளங்கையை மட்டும் மெதுவாகக் கீழே இறக்குவாய். குறைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். முப்பது வருஷமாக நம் இரண்டு பேருக்கும் இதுதான் வேலை. நான் ஏற்றுவேன், நீ இறக்குவாய்.

மில் மூடின பிறகு நாலு வருஷம் அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தாய். அப்புறம்தான் அவிநாசி ரோட்டுப் புது கல்யாண மஹாலில் அந்த வேலை கிடைத்தது. வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கிற மேனேஜர். மஹால்காரர் வைத்தது ஒரே நிபந்தனை. தை முதல் முகூர்த்தத்தன்று, உடம்புக்குக் கச்சிதமாகப் பொருந்தின கருநீல சூட்டில் வந்து நிற்க வேண்டும். தொளதொளவென்று வந்தாலும் தொப்பை பிதுங்கிக்கொண்டு வந்தாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

அன்றைக்கு நீ சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான். உன் அப்பா கொடுமுடிப் பக்கம் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் பாடுபட்டவர். "எங்கப்பன் பெரிய தெருவுல நடக்கறப்ப துண்டத் தோள்ல போட முடியாதுப்பா. எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கோணும். அந்தத் தெருக்காரங்க கல்யாணத்துக்கு வாரப்ப நான் கோட்டுப் போட்டுட்டு நின்னு வாங்கன்னு சொல்லப்போறேன். எனக்குத் தோள் மட்டும் சரியா நிக்கோணும்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

முதலில் கிராஸ்கட் ரோட்டு ரெடிமேட் கடைக்குப் போனோம். தோளுக்குச் சேர்ந்த கோட்டு வயிற்றில் பூட்டவில்லை. வயிற்றில் பூட்டிய கோட்டு தோளில் இரண்டு விரல் வெளியே தொங்கியது. மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னாள் அந்தக் கடைப்பெண். "கல்யாணம் முடியற வரைக்குமுங்களா அம்மணி?" என்று கேட்டாய். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அறைக்குள் இருந்தவர் பாதி பேண்ட்டோடு எட்டிப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா? தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும், பொத்தானுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ளங்கை நுழைய வேண்டும் ஆனால் முஷ்டி நுழையக் கூடாது, கோட்டுக் கையிலிருந்து சட்டைக் கை அரை இஞ்சு எட்டிப் பார்க்க வேண்டும், காலர் கழுத்தைவிட்டு விலகி நிற்கக் கூடாது என்று பாடம் எடுத்தேன். கடையே கூடி நின்று கேட்டது. சரி, மூன்று பேர்.

அப்புறம்தான் டவுன்ஹாலுக்குப் பின்னால் இருக்கிற பாய் கடை. ஹோட்டல்காரர்களுக்கும் கல்யாண மாப்பிள்ளைகளுக்கும் கோட்டு தைத்துத் தள்ளுகிறவர். நம்மைவிடப் பத்து வயது சின்னவர், அதிகம் பேசமாட்டார். இஞ்சு டேப்பை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கே நான் சொல்லிக் கொடுத்தேன். அதற்கும் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

தொப்பையைக் குறைக்கிற பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் கொள்ளு ரசம், சாயங்காலம் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று. சத்தியமங்கலம் காட்டுக்குள் இருக்கிற வைத்தியர் ஒருத்தர் எனக்கு மட்டும் சொன்ன முறை என்று உன்னிடம் சொன்னேன். வைத்தியரும் இல்லை, காடும் இல்லை. எல்லார் வீட்டிலும் காய்ச்சுகிற கஞ்சிதான்.

கார்த்திகையில், பிரித்துத் திருத்துகிற மாதிரி கச்சாத் தையல் போட்டு டிரையலுக்குக் கூப்பிட்டார் பாய். போட்டுப் பார்த்தால் இடுப்பில் ஒன்றரை இஞ்சு தொளதொளவென்று நின்றது. நான் பிடித்துக்கொண்டேன் அவரை. மாப்பிள்ளைக் கோட்டு தைக்கிற அவசரத்தில் அளவை மாற்றி எழுதிவிட்டார் என்றேன். இந்த லட்சணத்தில் பெரிய டெய்லர் என்று போர்டு வேறு என்றேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், மறுபடி அளந்தார், பேண்ட் இடுப்பில் சாக்பீஸால் இரண்டாவது கோட்டை இழுத்தார்.

வெளியே வந்ததும் எனக்கே ஒரு யோசனை. தப்பு டெய்லர் மேல் இல்லை, இது நம் கொள்ளு செய்த வேலை! அவ்வளவுதான், கோயமுத்தூர் முழுக்கப் பறை அறைந்தேன். டீக்கடையில் உன்னை எழுந்து நிற்கச் சொல்லி, சட்டையைப் பிடித்து இழுத்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன். ஏழெட்டுப் பேர் கஞ்சிக்குப் பக்குவம் கேட்டார்கள். நீ இரண்டு இட்லியில் கையைக் கழுவினாய், கொள்ளு வயிற்றைக் கட்டுகிறது என்றேன். ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்றுக்கே பெஞ்சில் உட்கார்ந்தாய், சதை கரைகிறபோது அசதி வரத்தான் செய்யும் என்றேன். உன் ஒவ்வொரு வலிக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது, மாப்ளே. இன்றைக்கு நினைத்தால் இந்த நாக்கை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மார்கழியில் இரண்டாவது டிரையல். கோட்டைப் போட்டதும் பாய் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். மார்பு, இடுப்பு, தொடை என்று மெதுவாக அளந்தார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. தோள் அளவு மொத நாள் எழுதுனதேதான் இருக்குதுங்க. நான் வெட்டுனது தப்புன்னா தோள்லயும் தப்பியிருக்கோணும். தோளு எலும்பு. மத்ததெல்லாம் எறங்கிட்டே வருது. ரண்டு மாசத்துல இப்பிடி எறங்கறது நல்லாப் படலீங்க. கோட்டு எங்கயும் போயிராது, நான் தெச்சு வெக்கறேன். ஒருக்கா டாக்டரப் பாத்துப்போட்டு வாங்க."

நீ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாய். "நீ என்னப்பா சொல்றே?"

அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயில் அந்த வார்த்தை எப்போது வந்திருக்கிறது? "அவருக்கு வெட்டத் தெரியல, உன்ற உடம்பு மேல பழியப் போடறாரு. இது கொள்ளு வேலை. நான் எத்தன பேரப் பாத்திருக்கறேன்" என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு சாக்பீஸால் மூன்றாவது கோட்டை இழுத்தார்.

எத்தனை பேரையும் நான் பார்த்ததில்லை. ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை. அது உனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக என் பேச்சில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டுக் கேட்டவன், அந்த ஒரு பேச்சை மட்டும் ஏன் முழுசாக எடுத்துக்கொண்டாய்? தைக்கு இருபது நாள்தான் இருந்தது. டாக்டரிடம் போனால் படுக்க வைத்துவிடுவார், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நினைத்தாயா? நான் சொன்னது உனக்கு வேண்டியிருந்ததா, இல்லை நிஜமாகவே என்னை நம்பினாயா? இரண்டில் எது என்று தெரிந்தால் ஒரு ராத்திரியாவது தூங்குவேன். அதைச் சொல்ல நீ இல்லை.

தை முதல் முகூர்த்தத்துக்கு அழைப்பில்லாமலே வந்து பந்தல் ஓரத்தில் நின்று உன்னைப் பார்த்தேன். கோட்டு உன் மேல் வார்த்து ஊற்றின மாதிரி இருந்தது. இதில் நான் எதையும் ஏற்றவில்லை. கொடுமுடிப் பக்கத்திலிருந்து அந்தப் பெரிய தெருக்காரர்கள் கார் ஒன்று வந்து நின்றது. நீ கை கூப்பினாய். இறங்கின பெரியவர் உன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். உன் தோள் அப்படியே நின்றது. பக்கத்தில் நின்றவரிடம் அந்த சூட் என் செலக்‌ஷன் என்று சொன்னேன்.

ஒன்பது முகூர்த்தம் நின்றாய். பத்தாவதில் சந்தனத் தட்டு வைத்திருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டே சரிந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை நாளாக மெலிகிறார் என்று கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். "இப்பத்தானுங்க, ஒரு ரண்டு வாரமா" என்றேன். அங்கேயும் அளவைக் குறைத்துத்தான் சொன்னேன். வயிற்றில் இருந்த கட்டி ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஏதாவது முயற்சி செய்திருக்கலாம் என்றும் சொன்னார். பங்குனி முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

கோட்டு வந்த மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுக்க ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள் தங்கச்சி. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன், நான் சொன்னதையும் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டாள். திட்டுவாள், எழுந்து வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணா, எங்க ஊட்டுல எது நடந்தாலும் நாந்தான் பண்ணுனேன்னு சொல்லுவீங்க. புள்ளைக்குக் காலேஜ் சீட்டு வாங்குனது நீங்க, அவருக்கு வேலை வாங்குனது நீங்க. இப்ப அவரு போனதையுமா நீங்களே எடுத்துக்கோணும்? உடுங்ணா."

கோபத்தில் சொல்லவில்லை, மாப்ளே. என்னைத் தேற்றத்தான் சொன்னாள். நீ போன பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தியம் பண்ணினேன், அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். மன்னிப்பதற்குக்கூட முதலில் நம்ப வேண்டுமே.

அங்கிருந்து நேராகப் பாய் கடைக்குப் போனேன். நீங்கள் ஒரு நடை வந்து தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நீங்கள் சொன்னால் நம்புவாள் என்று கேட்டேன். அவர் மிஷினை நிறுத்தினார். "புருசனப் பறிகுடுத்தவங்ககிட்டப் போயி நான் அப்பவே சொன்னேன்னு சொல்றதுங்களா? அது என்ற வாயில வராதுங்ணா" என்றார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நான் இன்னொருக்கா அழுத்திச் சொல்லியிருக்கோணும். நீங்க கோவிச்சுப்போட்டீங்கன்னு நிறுத்திக்கிட்டேன்" என்றார். என் பாரத்தில் பாதியை அந்த மனுஷனும் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு தப்பும் செய்யாதவர்.

டவுன்ஹாலில் பஸ் ஏறினேன். எனக்கு முன்னால் நம் வயசுக்காரர் ஒருத்தர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்த புது ஓட்டை இருந்தது. பெல்ட்டின் வால் இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் வரைக்கும் போயிருந்தது. பேண்ட் கொசுவம் கொசுவமாகச் சுருங்கி நின்றது. இப்போதெல்லாம் எனக்கு ஆள் முகம் தெரிவதில்லை, இடுப்புதான் தெரிகிறது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், தினமும் நடக்கிறாராம், உடம்பு நன்றாக இறங்கியிருக்கிறதாம். ஏனுங்க என்று கூப்பிட வாயைத் திறந்தேன். என்ன சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது? நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவனுக்குக் காற்றுதான் வந்தது. சுங்கம் ஸ்டாப்பில் ஒரு கையால் பேண்ட்டை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வந்தேன். இந்த வயசில் ஓடினேன் என்றே வைத்துக்கொள். ரவுண்டானாவைச் சுற்றி எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள். அவர் இல்லை. நேற்றும் அதே நேரத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். நாளைக்கும் போவேன்.